மூலக்கலத்துக்கு வேண்டும் தூய நிலம்

உழவுத் தொழிலை அறிந்தவர் எவரும் விதையை மாத்திரம் பார்த்து விளைவை மதிப்பிடார். விதை எத்துணை உயர்ந்ததாயினும் களர்நிலத்தில் வீழ்ந்தால் கருகிவிடும். நிலத்தின் இயல்புக்கேற்ப அதிற் சேர்ந்த நீரின் இயல்பும் வேறுபடுதலை, மனிதர் கூடும் இனத்தின் தன்மையை விளக்க வள்ளுவர் உவமையாக எடுத்தாண்டார். இந்த எளிய உழவு ஞானம் இன்றைய உயிரியல் ஆய்வுகூடத்துக்கும் பொருந்தும். ஆனால், அங்கே அது நெடுங்காலம் போதிய மதிப்புப் பெறவில்லை.

மனித மூலக்கலங்களைப் பற்றிக் கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் விவாதம் நடந்து வருகின்றது. ஆங்கிலத்தில் 'ஸ்டெம் செல்' என்று வழங்கப்படுவது இதுவே. அக்கலத்தை எங்கிருந்து பெறுவது, முளையத்தை அழித்து அதனைப் பெறுதல் அறமாகுமா, அரசாங்கப் பணத்தை அதற்குச் செலவிடலாமா என்றெல்லாம் மதகுருமாரும் சட்டவறிஞரும் அரசியல்வாதிகளும் வாதாடினர். அவை வேண்டிய வாதங்களே. எனினும் அவை யாவும் விதையைப் பற்றியன. அவ்விதை எந்த நிலத்தில் வளர்ந்தது, அந்நிலத்தில் என்னென்ன கலந்திருந்தன, அங்கு வளர்ந்ததை ஒரு நோயாளியின் உடலுள் வைக்கலாமா என்ற வினாக்கள் ஆய்வுகூடச் சுவர்களுக்கு வெளியே அதிகம் கேட்கப்படவில்லை. நோயாளியின் உயிரோடு தொடர்புடைய வினாக்கள் இவையே என்பதும், செயற்கை முறையிலே ஆக்கப்பட்ட தூய மேற்பரப்புக்களை நாடுதல் ஆய்வாளரின் வசதிக்கான காரியமன்று, மருத்துவ அறத்தின் பாற்பட்ட காரியம் என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

பற்றுக்கோடு இன்றேல் உயிர் இல்லை

கருக்கட்டி 5 அல்லது 6 நாட்களே ஆன மனித முளையம் ஊசிமுனையளவினதாகிய ஒரு சிறு கோளம். அதன் உட்புறத்தே திரண்டிருக்கும் சில கலங்கள், பின்னர் உடலின் எந்த இழையமாகவும் மாறத்தக்க ஆற்றல் உடையவை. நரம்பும் அவையே, இதயத் தசையும் அவையே, குருதியும் என்பும் அவையே. 1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தொம்சனும் அவருடைய குழுவினரும் இக்கலங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் ஆற்றல் குன்றாமல் ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினர். பின்னர் யப்பானிய அறிஞர் சின்யா யமனாக்கா, முளையத்தை நாடாமலே வளர்ந்த மனிதரின் தோற்கலங்களை அந்த ஆதிநிலைக்குத் திருப்பும் வழியைக் கண்டார். 2006இல் சுண்டெலிக் கலங்களிலும் 2007இல் மனிதக் கலங்களிலும் அவர் இதனை நிறைவேற்றினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். முளையத்தை அழித்தல் பற்றிய அற வாதம் இக்கண்டுபிடிப்பால் பெரிதும் தணிந்தது. நிலத்தைப் பற்றிய வினாவோ தணியவில்லை. தோலிலிருந்து வந்தாலும் முளையத்திலிருந்து வந்தாலும் மூலக்கலம் வளர்வதற்கு ஒரு நிலம் வேண்டுமன்றோ?

குருதிக் கலங்கள் போன்ற சிலவற்றை விடுத்து நோக்கின், நம் உடற் கலங்களிற் பெரும்பாலானவை எதையேனும் பற்றிக்கொண்டே வாழ்பவை. ஒவ்வொரு கலத்தின் மேற்புறத்திலும் 'இன்ரெகிறின்' எனப்படும் புரதங்கள் கைகள் போல நீண்டிருக்கின்றன. கலங்களுக்கு இடையே பரந்துள்ள புரத வலையில் தமக்குரிய பிடியைத் தேடி அவை பற்றிக்கொள்ளும். பற்றிய உடனே, "வாழலாம், பெருகலாம்" என்ற குறிப்புக் கலத்தினுள்ளே செல்லும். பிடி கிடைக்காத கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்தப் பிடி மிகச் சிறியது. ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ற்றிக் அமிலம் என்னும் 3 அமினோ அமிலங்கள் அவ்வரிசையில் அமைந்திருப்பதே கலத்தின் கைக்குப் போதிய பிடியாகும் என்பது 1984இல் அறியப்பட்டது.

நிலம் பிடியை மாத்திரம் தருவதன்று. அது கட்டளையும் இடுகின்றது. 2006இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். என்பு மச்சையிலிருந்து பெற்ற மூலக்கலங்களை மூளையின் மென்மையுடைய கூழிலே வைத்தால் அவை நரம்புக் கலங்களின் சாயலை ஏற்றன. தசையின் விறைப்புடைய கூழிலே தசைக் கலங்களின் சாயலையும், என்பு உருவாகும் இடத்தின் விறைப்புடைய கூழிலே என்புக் கலங்களின் சாயலையும் ஏற்றன. ஊட்டிய உணவு ஒன்றே. தரை மாத்திரமே வேறு. தரையின் வன்மை மென்மை கூடக் கலத்தின் விதியை மாற்றுமாயின், அத்தரையில் இன்னது உண்டு, இன்னது இல்லை என்று அறியாமல் மருந்து செய்ய முற்படுவது எங்ஙனம் பொருந்தும்?

சுண்டெலி தந்த நிலம்

சாதாரண பிளாஸ்டிக் கிண்ணத்தில் மனித மூலக்கலங்கள் நன்கு பற்றுவதில்லை. ஆகவே தொடக்கத்தில் ஆய்வாளர் ஓர் உபாயம் செய்தனர். சுண்டெலியின் முளையத்திலிருந்து பெற்ற கலங்களை, அவை மேலும் பெருகாதபடி கதிர்வீச்சினால் தடுத்து, கிண்ணத்தின் அடியிலே பாய் விரித்தாற்போலப் பரப்பினர். அவ்வெலிக் கலங்கள் செவிலித்தாயரைப் போல மூலக்கலங்களுக்குப் பற்றுக்கோடும் போசணையும் நல்கின. தொம்சன் 1998இல் வளர்த்த கலங்களும் இத்தகைய எலிப் பாயின் மீதே வளர்ந்தன.

2001இல் ஜெறோன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர் எலிக் கலங்களை நீக்கி, 'மற்றிஜெல்' எனும் கூழைக் கிண்ணத்திற் பூசி மூலக்கலங்களை வளர்த்தனர். செவிலிக் கலங்கள் கிண்ணத்தை விட்டு நீங்கினவாயினும் எலி நீங்கவில்லை. மற்றிஜெல் என்பது சுண்டெலியின் உடலில் வளர்க்கப்படும் ஒருவகைப் புற்றுக்கட்டியிலிருந்து வடித்தெடுக்கும் சாறு. குளிரில் நீராக இருந்து, உடலின் வெப்பநிலையில் கூழாக உறைவது அதன் இயல்பு. லமினின், கொலாஜன் முதலிய புரதங்கள் அதில் மிகுதியாக உள்ளன. ஆயினும் அவை மட்டுமே என்றால் கவலையில்லை. 2010இல் அதனைப் பகுத்து ஆராய்ந்தபோது 1,800க்கும் மேற்பட்ட வெவ்வேறு புரதங்கள் அதில் அடையாளம் காணப்பட்டன. அன்றியும், ஒருமுறை வடித்தது போல மறுமுறை வடித்தது இருப்பதில்லை. ஒரு கட்டியிலிருந்து பெற்ற சாற்றிலே செழித்த கலங்கள் மற்றொரு கட்டியின் சாற்றிலே வேறுவிதமாக நடந்துகொள்ளலாம். அப்பொழுது ஆய்வாளர் காண்பது கலத்தின் குணமா, சாற்றின் குணமா என்பது யாருக்கும் தெளிவாவதில்லை.

மற்றிஜெல்லை நான் இகழவில்லை. ஆயிரக்கணக்கான ஆய்வுகளுக்கு அது கைகொடுத்தது, இன்றும் கொடுக்கின்றது. அறிவைத் தேடும் ஆய்வுமேசையில் அதற்கு இடம் உண்டு. நோயாளியின் கட்டிலருகே அதற்கு இடம் உண்டா என்பதே கேள்வி.

கலத்தில் ஒட்டிய அயற்பொருள்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் ஓர் அறிவிப்பை விடுத்தார். அன்றைய நாள்வரை உருவாக்கப்பட்டிருந்த முளைய மூலக்கல வழிகளைக் கொண்டு செய்யும் ஆய்வுகளுக்கே அரசாங்கப் பணம் வழங்கப்படும் என்பது அதன் சாரம். அவரது நோக்கம் முளையங்களைக் காப்பது. ஆனால், அனுமதி பெற்ற அவ்வழிகளோ எலிக் கலங்களோடு கலந்து வளர்ந்தவை. விதையைப் பற்றிய அறக் கவலையால் இயற்றப்பட்ட விதி, நிலத்தைப் பற்றிய அறக் கவலையை எண்ணிப் பாராமல், மாசு படிந்தவற்றிலேயே ஆய்வாளரைப் பல ஆண்டுகள் கட்டிவைத்தது. 2009இல் ஜனாதிபதி ஒபாமா அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்.

மாசு என்பது வெறும் அச்சமன்று. 2005இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகர அறிஞர்களாகிய அஜித் வர்க்கியும் பிரெட் கேஜும் தம் குழுவினரோடு ஒரு முடிவை வெளியிட்டனர். பெரும்பாலான பாலூட்டிகளின் கலங்களின் மேற்புறத்தில் சியாலிக் அமில வகைகளுள் ஒன்று காணப்படும். மனித இனம் தன் பரிணாமப் பாதையிலே ஒரு மரபணு செயலிழந்தமையால் அதனைத் தானாக ஆக்கும் திறனை இழந்துவிட்டது. ஆகவே நம் உடலுக்கு அது அயற்பொருள். நம் குருதியில் அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் உள. எலிக் கலங்களின் மேலும் விலங்குகளிலிருந்து பெற்ற ஊடகத்திலும் வளர்ந்த மனித மூலக்கலங்கள் இவ்வயற்பொருளை உறிஞ்சித் தம் மேனியிற் பூசிக்கொண்டிருந்தன. அந்தப் பிறபொருளெதிரிகள் மிகுந்த மனிதக் குருதிப்பாயத்தை அவற்றோடு கலந்தபோது, எதிரிகள் அக்கலங்களைப் பற்றித் தாக்கின. மனிதனுடைய கலத்தையே மனிதனுடைய குருதி பகையெனக் கருதிற்று! பிறந்த வீட்டை விட்டு அயல்வீட்டில் வளர்ந்த பிள்ளை, அவ்வீட்டின் ஆடையோடு திரும்பியபோது பெற்ற தாயே அடையாளம் காணாத நிலைக்கு ஒப்பாகும் இது.

எலியின் வைரசுகள் கலங்களைத் தொற்றக்கூடும் என்ற அபாயமும் இதனோடு சேர்ந்தது. சோதித்து அறியக்கூடிய வைரசுகளைச் சோதித்து விலக்கலாம். இன்னும் பெயரிடப்படாதவற்றை எங்ஙனம் சோதிப்பது?

2010ஆம் ஆண்டின் விளைச்சல்

இந்நிலையில் இரசாயனவியலாரும் பொறியியலாரும் உயிரியலாருக்குத் துணையாக வந்தனர். விலங்குகளையே நாடாமல், இரசாயனக் கூடத்திலே தொடக்கம் முதல் முடிவு வரை மனிதன் தன் கையால் ஆக்கிய மேற்பரப்புக்கள் பல 2010ஆம் ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர், புரதத்தின் சாயலே இல்லாத முழுச் செயற்கைப் பல்பகுதியம் ஒன்றைக் கிண்ணத்தின் மேல் மென்படலமாக வளர்த்தனர். அதன்மேல் மனித மூலக்கலங்கள் தம் ஆற்றல் குன்றாது நீண்டகாலம் பெருகின. மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் றொபேட் லாங்கர், டேனியல் அண்டர்சன், றுடொல்வ் ஜேனிஷ் ஆகியோரின் குழுவினர் ஏறத்தாழ 500 வகைப் பல்பகுதியங்களைச் சிறு புள்ளிகளாகக் கண்ணாடித் தகட்டிலிட்டு, எப்புள்ளியிற் கலங்கள் செழிக்கின்றன என்று சோதித்தனர். நீரை முற்றாக விலக்காமலும் முற்றாக ஏற்காமலும் இடைப்பட்ட இயல்புடைய பரப்பே சிறந்தது எனக் கண்டனர். விஸ்கொன்சினில் லோறா கீஸ்லிங்கின் குழுவினர், கலத்தின் மேலுள்ள வெல்லச் சங்கிலிகளைப் பற்றவல்ல குறும்புரதத் துணுக்குகளை ஆக்கிப் பரப்பிலே நட்டனர். கோர்னிங், ஜெறோன் என்னும் இரு நிறுவனங்களும் கூடி, கலம் பற்றுதற்குரிய புரதத் துணுக்குகளை அக்கிரிலேற்றுப் பரப்பிலே பிணைத்தன. அது விற்பனைக்கும் வந்தது. அதே ஆண்டில் சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தார் வேறொரு நெறியில் நின்று, மனித லமினின் புரதத்தை மரபணு முறையால் தனியே ஆக்கிக் கிண்ணத்திற் பூசினர். அது முழுச் செயற்கையன்று. எனினும் அதில் என்ன உண்டு என்பது ஐயமின்றி அறியப்பட்டது.

இவற்றின் பெருமை யாது? நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்த சாறு செய்த தொழிலை, எண்ணிக் கூறத்தக்க சில மூலக்கூறுகளே செய்யும் என்பது தெளிவானதே பெருமை. புற்றுக்கட்டி வேண்டியதில்லை. அதற்காக எலிகள் சாகவேண்டியதில்லை. இன்று செய்த பரப்பும் அடுத்த ஆண்டு செய்யும் பரப்பும் ஒன்றாகவே இருக்கும். ஓரிடத்தில் ஒருவர் கண்டதைப் பிறிதோரிடத்தில் மற்றொருவர் சரிபார்க்கலாம். பிறர் சரிபார்க்க இயலாத முடிவு எத்துணை வியப்பூட்டினும் விஞ்ஞானம் ஆகாது.

மறுப்புக்களும் விடையும்

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களைப் புறக்கணித்தல் நேர்மையன்று. முதலாவது வாதம்: "எலி நிலத்தில் வளர்ந்த கலங்களையே நோயாளிகளுக்கு வைத்தோம், ஒரு தீங்கும் நேரவில்லையே." இதில் உண்மை உண்டு. 2010 அக்டோபரில், முள்ளந்தண்டு காயமுற்ற ஒருவருக்கு ஜெறோன் நிறுவனத்தார் முளைய மூலக்கலத்திலிருந்து உருவாக்கிய நரம்புத்துணைக் கலங்களை உலகில் முதன்முறையாகச் செலுத்தினர். அவை, 1998இல் எலிக் கலங்களின் மேல் பெறப்பட்ட வழியொன்றிலிருந்தே வந்தன. அமெரிக்க அதிகாரிகள் பல சோதனைகளின் பின் அனுமதி வழங்கினர். 5 பேர் அச்சிகிச்சையைப் பெற்றனர். 2011இல் பொருளாதாரக் காரணத்தால் நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. அந்நோயாளிகளைப் பல ஆண்டுகள் கண்காணித்தபோது அக்கலங்களாற் பெருந்தீங்கு நேர்ந்ததாக அறியப்படவில்லை. ஆயினும், இருளில் ஐந்து முறை ஆற்றைக் கடந்தவன் ஆறாம் முறை விளக்கு வேண்டாம் என்று கூறுதல் அறிவுடைமையாகுமா? 5 பேருக்குப் பொருந்தியது 5,000 பேருக்கும் பொருந்தும் என்பதற்கு அச்சாறு உறுதி தரமாட்டாது. ஒவ்வொரு முறையும் அது வேறொன்று.

இரண்டாவது வாதம்: "செயற்கைப் பரப்பு என்றவுடன் தூய்மை வந்துவிடுமா?" இதுவும் தக்க கேள்வியே. பரப்புச் செயற்கையாயினும் அதன்மேல் ஊற்றும் ஊடகத்தில் விலங்கின் குருதிப்பாயம் இருந்தால் பயன் என்ன? மேற்கூறிய மசாச்சுசெற்ஸ் பரப்பு வேலை செய்ததற்கும் அதன்மேற் படிந்த வித்துரொனெக்றின் என்னும் புரதம் காரணமாயிற்று. நிலமும் நீரும் ஒருங்கே தூயனவாகவேண்டும். அதற்கும் அப்பால், நெடுங்காலம் கிண்ணத்தில் வளரும் கலங்களில் நிறமூர்த்தப் பிறழ்வுகள் தோன்றுவதுண்டு. 2006இல் விஸ்கொன்சின் ஆய்வாளர் முற்றும் வரையறுத்த ஊடகத்தில் புதிதாகப் பெற்ற இரு வழிகளிலும் இத்தகைய பிறழ்வு காணப்பட்டது. யப்பானில் 2014 செப்டெம்பரில் மசாயோ தக்கஹாஷியின் குழுவினர், கண்பார்வை குன்றிய மூதாட்டி ஒருவருக்கு அவருடைய சொந்தத் தோற்கலங்களிலிருந்து ஆக்கிய விழித்திரைக் கலப் படலத்தை வைத்தனர். அடுத்த நோயாளிக்கென ஆக்கிய கலங்களிலோ மரபணு மாற்றங்கள் காணப்பட்டமையால் அச்சிகிச்சையை நிறுத்தினர். தூய நிலம் பிறழ்வை ஒழித்துவிடும் என்று எவரும் உறுதி கூறார். ஆனால், நிலமும் நீரும் முற்றாக அறியப்பட்டிருந்தால்தான் பிறழ்வின் காரணத்தைத் தேடுதல் கூடும். எல்லாம் கலங்கிய குட்டையில் எதைத் தேடுவது?

மூன்றாவது வாதம் விலை பற்றியது. தூய புரதங்களும் நிறுவனங்கள் விற்கும் பூசிய கிண்ணங்களும் மலிவானவையல்ல. செல்வம் படைத்த நாடுகளின் ஆய்வுகூடங்களுக்கே அவை எளிதிற் கிட்டுவன. இவ்வாதமே என்னை மிகவும் சிந்திக்க வைப்பது. எனினும் இதன் முடிவு செயற்கைப் பரப்புக்களைக் கைவிடவேண்டும் என்பதன்று. அவற்றை மலிவாக்கவேண்டும் என்பதே. புற்றுக்கட்டியின் சாறு என்றும் கட்டியை நம்பியே இருக்கும். எளிய பல்பகுதியமோ அதன் செய்முறை அறிந்த எந்த இரசாயனக் கூடத்திலும் ஆக்கப்படலாம். எளிமையை நாடுவோர்க்கு வழியும் பிறக்கின்றது. தொம்சனின் குழுவினரே 2011இல், பலவகைப் பொருள் கலந்த ஊடகத்தைக் குறைத்துக் குறைத்து 8 கூறுகளே கொண்ட ஊடகமாக்கினர். நிலத்திலும் அந்தச் சுருக்கத்தையே வேண்டுகின்றோம்.

வேண்டுவன மூன்று

வழி உண்டு என்பதற்கு யப்பானே சான்று. கியோட்டோப் பல்கலைக்கழகத்தார் நோயாளிகளுக்கென மூலக்கலச் சேமிப்பை உருவாக்கியபோது, எலிக் கலங்களை நீக்கி, மனித லமினின் புரதத்தின் பற்றும் துணுக்கைத் தனியே ஆக்கி அதன்மேல் வளர்த்தனர். 2018இல் பார்க்கின்சன் நோயாளர்க்கு அங்கே தொடங்கிய சிகிச்சைக்கும் நரம்புக் கலங்கள் அத்தகைய துணுக்கின் மீதே வளர்க்கப்பட்டன. நோயாளியை முன்னிறுத்தி எண்ணும் இடத்திலே நிலத்தின் தூய்மை தானே முதலிடம் பெறுகின்றது என்பதை இது காட்டும்.

ஆகவே, இத்துறையின் மேற்பார்வையாளரிடமும் ஆய்வாளரிடமும் நாம் வேண்டுவன மூன்று. மனித உடலுட் செல்லவிருக்கும் கலம் எதுவாயினும், அது வளர்ந்த பரப்பிலும் ஊடகத்திலும் இருந்தவை யாவும் பெயர் கூறி எழுதப்படல் வேண்டும். 'வடிசாறு' என்ற ஒரு சொல்லுக்குள் 1,800 பொருள்களை மறைத்தல் ஆகாது. இரண்டாவது, பரப்பின் செய்முறை வணிக இரகசியமாகப் பூட்டப்படாமல் பிறரும் ஆக்கிச் சரிபார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஆக்கியோர் தம் உழைப்புக்கு ஊதியம் பெறுவது நியாயமே. நோயாளி தன் உடலில் வைப்பது யாதென அறியும் உரிமை அந்த நியாயத்திலும் மூத்தது. மூன்றாவது, பரப்புத் தூயது என்ற நம்பிக்கையில் அயராது, வளரும் கலங்களின் நிறமூர்த்தங்களும் மரபணுக்களும் இடையிடையே சோதிக்கப்படல் வேண்டும்.

மூலக்கலம் குருடர்க்குப் பார்வையும் முடவர்க்கு நடையும் தரும் என்ற ஆசைமொழிகளை நாம் நிறையக் கேட்டுவிட்டோம். ஆசையை விற்கும் போலிச் சிகிச்சை நிலையங்களும் பல நாடுகளில் முளைத்துள்ளன. அவற்றின் வாசலில் நிற்கும் நோயாளி, "என்ன கலம் தருகிறீர்கள்?" என்று மாத்திரம் கேட்டால் போதாது. "அது எதன்மேல் வளர்ந்தது?" என்றும் கேட்கவேண்டும். இக்கேள்விக்கு நேரிய விடை கூறவல்லவனே மருத்துவன். கூறமாட்டாதவன் கையில் இருப்பது மருந்தன்று. விதையை வாழ்த்திப் பாடியது போதும். இனி நிலத்தைத் தூய்மை செய்வோமாக.